தொய்ந்த நூலும் ஏகாம்பரமும்

சென்னைத் துறைமுகத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்தார். வேட்டி, சட்டை, டின் பால், கோடாலித் தைலம் எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கினார். அடியில் துண்டில் சுற்றி வைத்திருந்த நான்கு கறுப்பு உருண்டைகளைப் பார்த்ததும் அவர் கை நின்றுவிட்டது.

"என்ன சார் இது, பீரங்கிக் குண்டா?"

"விளையாட்டுச் சாமான் சார். புல்தரையில் உருட்டுவது."

"உருட்டினா?"

"தூரத்தில் சின்னதாக ஒரு வெள்ளைப் பந்து கிடக்கும். அதுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, "இவருக்குக் குண்டு உருட்டுறதுதான் வெளையாட்டாம்பா" என்றார். இருவரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் பெட்டியை மூடிவிட்டார்கள் என்பதால் நானும் கூடவே சிரித்து வைத்தேன். என் மாமியாருக்கே இது இன்றுவரை கோலிதான். ஈப்போவில் ஒரு கிளப்பில் நான் இந்த ஆட்டத்துக்குக் கோச். மாநிலப் பட்டம் வாங்கியவன். என்னிடம் கற்றுக்கொண்டவர்கள் ஹாங்காங் வரை போய் ஆடிவிட்டு வந்திருக்கிறார்கள். இதையெல்லாம் துறைமுகத்தில் வியர்த்து ஒழுகிக்கொண்டு யாரிடம் சொல்வது?

கிளப்பில் கோயில் யாத்திரை என்று லீவு வாங்கியிருந்தேன். மனைவியிடம் காஞ்சிபுரத்தில் பட்டு எடுக்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். இரண்டுமே பாதிப் பொய். நான் வந்தது ஏகாம்பரத்தைப் பார்க்க. பார்த்து, ஒரு விஷயத்தைச் சொல்லி, அவன் வாயால் என்ன வருகிறதோ அதை வாங்கிக்கொண்டு போக. அவன் பிழைப்பை நான் கெடுத்துவிட்டேனா இல்லையா என்று தெரியாமல் இனியும் ஒரு வருஷம் ஓட்ட என்னால் முடியாது.

காஞ்சிபுரம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அதோடு என் அதிர்ஷ்டம் முடிந்தது. வழியில் ஒரு எருமைக்காக டிரைவர் பிரேக் போட, என் மடியில் இருந்த பையின் காது அறுந்து, ஓர் உருண்டை விழுந்து ஓட ஆரம்பித்தது. இந்த உருண்டைகளின் குணம் இது: ஒரு பக்கம் சற்றே கனம் அதிகம். அதனால் நேராகக் கிளம்பும். வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாக வளையும். அந்த வளைவைக் கணக்குப் பண்ணி விடுவதுதான் மொத்த வித்தையும். என் உருண்டை டிரைவரை நோக்கிப் போய், பாதி வழியில் மனம் மாறி, கத்தரிக்காய்க் கூடைக்காரி ஒருத்தியின் காலடிக்குத் திரும்பியது.

"இன்னாய்யா இது, நேரா போய்க்கினு இருந்தது என்னைப் பாத்துத் திரும்புது" என்று அவள் இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

கண்டக்டர் அதை எடுத்து எடை பார்த்தார். "அத்த மடியிலயே வெச்சிக்கோ சார். மறுபடியும் வுட்டன்னா உன்னையும் சேத்து எறக்கி வுட்டுடுவேன்."

அதற்கு அவசியம் ஏற்படவில்லை. அடுத்த கால் மணியில் டயர் வெடித்து, எல்லோருமே இறங்கி நின்றோம். கூடைக்காரி எனக்கு ஒரு வெள்ளரிப் பிஞ்சு கொடுத்து, "மலேயாவுல இப்டி நிக்குமா பஸ்ஸு?" என்று விசாரித்தாள். நிற்கும் என்றேன். அங்கே மழையில் நிற்கும், இங்கே வெயிலில் நிற்கிறது.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு லாட்ஜில் தங்கினேன். மறுநாள் காலை லாட்ஜ்காரர், "நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற எதையும் பேசினார். எதிர் ஓட்டலில் இட்லி சாப்பிட்டேன். மிளகும் சுக்கும் சேர்த்து, இலையில் அவித்த இட்லி. ஈப்போவில் எங்கள் இட்லி வெள்ளைக்காரன் தலையணை மாதிரி மெத்தென்று இருக்கும், ருசி சாம்பாரில்தான். இங்கே இட்லிக்கே சொந்தமாக ஒரு காரம் இருக்கிறது. காப்பியில் மட்டும் நம் ஊர் டின் பால் இல்லாமல் எனக்கு ஏதோ குறைந்தது.

ஏகாம்பரத்தைக் கண்டுபிடிப்பது சுலபம் என்று நினைத்தது என் முட்டாள்தனம். ஏகாம்பரநாதர் கோயில் உள்ள ஊரில் வந்து ஏகாம்பரம் என்று தேடினால்? காலையில் ஒரு மளிகைக்கடை ஏகாம்பரம், ஒரு சைக்கிள் கடை ஏகாம்பரம், படுத்த படுக்கையாக இருந்த ஒரு ரிடையர்டு வாத்தியார் ஏகாம்பரம் மூவரையும் பார்த்துவிட்டேன். வாத்தியார் என்னை உட்கார வைத்து, மலேயாவில் அரிசி விலை, ரப்பர் விலை எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில்தான் தான் கடலே தாண்டியதில்லை என்று சொன்னார். ஒரு ஜட்காக்காரர்தான் வழி காட்டினார். "மலேயாவுலேர்ந்து வந்தவரா? பாவு போடறவரா? அப்ப சின்ன காஞ்சிபுரம் போ சார். காலைல போ. தெருவுலயே இருப்பாரு."

அன்று மத்தியானம் முழுக்க லாட்ஜில் விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். சொல்ல வேண்டியதை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் நன்றாக இல்லை. நடந்தது இதுதான்.

ஏகாம்பரமும் நானும் ஒரே கிளப்பில் புல் வெட்டியவர்கள். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அவன் தறிக்குடும்பம், மனைவியை ஊரில் விட்டுவிட்டுக் கப்பலேறியவன். துரைமார்கள் ஆடிவிட்டுப் போன சாயங்காலங்களில், வெடிப்பு விட்டுப்போன பழைய மர உருண்டைகளை வைத்து இருவரும் உருட்டிப் பழகினோம். வெட்டுகிறவனுக்குத்தான் புல்லின் சாய்வு தெரியும். சில வருஷத்தில் கிளப்பில் எங்களை ஜெயிக்க ஆள் இல்லை. மலேயாவுக்குச் சுதந்திரம் வந்தது. உள்ளூர்க்காரர்களும் மாநிலப் போட்டியில் ஆடலாம் என்றார்கள். இறுதி ஆட்டத்தில் நின்றது நாங்கள் இருவரும்தான்.

இருபதுக்கு இருபது. கடைசி உருட்டல். என் உருண்டை ஒன்றும் அவன் உருண்டை ஒன்றும் வெள்ளைப் பந்துக்கு இரு பக்கமும், கண்ணால் பிரிக்க முடியாத தூரத்தில். நடுவராக நின்ற துரை, "நீங்களே அளந்து சொல்லுங்கள்" என்று பைப்பைப் பற்றவைக்கப் போய்விட்டார். எங்கள் கிளப் வழக்கம், அளக்கக் கேட்டவனே அளப்பான், எதிராளி எதிரே குந்திப் பார்ப்பான். கேட்டது நான். நூலின் ஒரு நுனியைப் பந்தோடு வைத்து, மறு நுனியை இழுத்துப் பிடித்து அவன் உருண்டையை முதலில் அளந்தேன். அப்போது என் கை தளர்ந்தது. ஒரு நகக்கண் அளவு. நூல் தொய்ந்தால் அவன் தூரம் கூடுதலாகத்தானே காட்டும்? என்னுடையதை விறைப்பாகப் பிடித்து அளந்தேன். என்னுடையது கிட்டே. கை தானாகத் தளர்ந்ததா, நான் தளர்த்தினேனா என்று அன்றைக்கும் எனக்குத் தெரியாது என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டேன். தெரியும். தளர்த்தினேன்.

ஏகாம்பரம் எழுந்து, "உன்னுதுதான்பா" என்று கை கொடுத்தான்.

ஜெயித்தவனைக் கிளப் கோச்சாக்கியது. செக்ரட்டரி என் குடியுரிமைத் தாளுக்கு அவரே அலைந்தார். ஏகாம்பரம் புல் வெட்டிக்கொண்டேயிருந்தான். குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரர்களுக்கு வேலைப் பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் வந்ததும், கிளப் பெர்மிட் கேட்டு அனுப்பிய பட்டியலில் அவன் பெயர் இல்லை. கப்பலேறிவிட்டான். அதற்கப்புறம் புதிதாக யாருக்காவது அளக்கச் சொல்லித்தரும்போதெல்லாம் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "நூலை விறைப்பாகப் பிடி" என்பது மூன்றே சொல். அதைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மூன்றாம் நாள் காலை சின்ன காஞ்சிபுரத்துக்கு நடந்தேன். வெயில் ஏறுமுன். ஒரு தெருவில் திரும்பியதும் நடுத்தெருவில், தறியில் ஏற்றுவதற்கான பட்டுப் பாவு நீட்டியிருந்தது. அரக்குச் சிவப்பில் நூற்றுக்கணக்கான இழைகள், நெடுக இழுத்துக் கட்டி, இருபுறமும் ஆட்கள் நின்று கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். நீளம் எங்கள் ஆட்டத்தரை நீளமே இருக்கும். நான் வழக்கம்போலத் தலையைச் சாய்த்து மட்டம் பார்த்தேன். மறுபக்கம் போக வேண்டியிருந்தது. தாழ்வாக இருந்த ஓரிடத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு காலைத் தூக்கினேன்.

"யோவ், பாவைத் தாண்டாதேயா. கால எடு."

தூக்கிய கால் தூக்கியபடி நின்றேன். கையில் கஞ்சித் தூரிகையோடு ஓர் அம்மாள். ஹீல்ஸ் போட்டுக்கொண்டு புல்லில் நடக்கும் பெண்களை இருபது வருஷமாகத் திட்டியவன் நான். எனக்கு நன்றாக வேண்டும்.

"மன்னிச்சுக்குங்கம்மா. வெளியூர்."

"எந்த வெளியூரு? பாவு தெரியாத ஊரு?"

"மலேயா. ஈப்போ. ஏகாம்பரம்னு ஒருத்தரைத் தேடி வந்தேன்."

அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ இன்னா, சாமிநாதனா?"

"ஆமாம்மா."

அவள் தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "இந்தாங்கப்பா, நூலு தொய்ஞ்சவரு வந்துக்கிறாரு."

பாவு நெடுக இருபது தலை திரும்பியது. ஒரு கிழவர் சிரித்தே விட்டார். எனக்குக் காது இரண்டும் பற்றி எரிந்தது. மனைவியிடம்கூடச் சொல்லாமல், கடல் தாண்டி ரகசியமாகக் கொண்டுவந்த பாவம், இங்கே தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

தெருவின் அந்தக் கோடியில், பாவின் கயிற்றை உடம்பெல்லாம் சாய்த்து இழுத்துப் பிடித்தபடி ஏகாம்பரம் நின்றிருந்தான். தலை நரைத்திருந்தது. விட்டால் பாவு மொத்தமும் சரிந்துவிடும். அவனால் வர முடியாது. என்னாலும் போக முடியவில்லை. அத்தனை நீளப் பட்டு நூலின் இரு கோடியில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இருபா" என்று கத்தினான். "கட்டிட்டு வரேன்."

முதலில் திட்டிய அம்மாள்தான் அவன் மனைவி கன்னியம்மா. வீட்டில் என்னை உட்கார வைத்து, தட்டில் இட்லியை வைத்து, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "எப்பப் பாவு தொய்ஞ்சாலும், 'யார்ரா அங்க பிடிக்கிறது, சாமிநாதனா'ன்னு கேப்பாரு. தெருவுல எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்கோ. உன்னியத் திட்றதுக்கு இல்ல. பேச்சு அப்டி ஆயிடுச்சி."

ஏகாம்பரம் கை கழுவிவிட்டு வந்து எதிரே குந்தினான். நான் மூன்று நாளாகப் பாடம் பண்ணியிருந்ததெல்லாம் போய்விட்டது. "தளர்த்தினேன்பா. வேணும்னுதான்" என்றேன்.

"தெரியும்."

"அப்பவேயா?"

"நூல்லயே பொறந்தவன்பா நானு. எட்டு முழத்துக்கு அப்பால ஒரு இழை தொய்ஞ்சாலும் தெரியும். மூக்குக்கு நேரா தொய்ஞ்சது தெரியாதா?"

"பின்னே ஏன் சும்மா இருந்தே?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன்."

பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தேன். அவன் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் தள்ளினான்.

"அந்தத் தொரை முன்னால நான் இன்னா சொல்றது? இவன் ஏமாத்தறான்னா? புல்லு வெட்றவன் ரெண்டு பேரும் அடிச்சிக்கிறானுங்கோன்னு சிரிப்பானுங்கோ. அதான் கையக் குடுத்துட்டேன்."

கோச் வேலை உனக்குக் கிடைத்திருக்க வேண்டியது, பெர்மிட்டும் கிடைத்திருக்கும், நீ இங்கே வந்திருக்க வேண்டியதில்லை என்று நான் சொல்லி முடிக்குமுன் கன்னியம்மா குறுக்கே வந்தாள்.

"அவரு வந்தது எனக்கு நல்லதாத்தான் போச்சி. பதினாறு வருசம் காயிதத்துலயே குடும்பம் நடத்தினேன். இப்ப நாலு தறிக்குப் பாவு போடறாரு. ஒண்ணும் கொறைச்சல் இல்ல." சற்று நிறுத்தினாள். "ஆனா வந்த புதுசுல ஒரு வருசம் யாரோடயும் பேசல. அத்தயும் உன்கிட்ட சொல்லிடணும்."

"அத்த ஏம்மா இப்ப" என்றான் ஏகாம்பரம்.

நான் பையைத் திறந்து நான்கு உருண்டைகளையும் அவன் முன்னால் வைத்தேன். அன்றைய இறுதி ஆட்டத்தில் நான் ஆடியவை. அவன் ஒன்றை எடுத்து, கட்டைவிரலால் தடவி, கனமான பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்தான். எனக்கு உயிர் வந்தது. கன்னியம்மா இன்னொன்றைத் தூக்கிப் பார்த்து, கதவு அடிச்சுக்காமல் முட்டுக் கொடுக்க நல்லா இருக்கும் என்றாள்.

நான்காம் நாள் ஏகாம்பரம் என்னைப் பக்கத்துக் கிராமமான கூரத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே அவன் தங்கைக்கு நெற்களம் இருக்கிறது. வாடகைச் சைக்கிளில் அவன் மிதிக்க நான் பின்னால். ஹாண்டில்பாரில் தொங்கிய உருண்டைப் பை சைக்கிளை இடது பக்கமாகவே இழுத்தது. ஒரு தடவை வயலுக்குள்ளும் ஒரு தடவை ஒரு வைக்கோல் வண்டிக்குள்ளும் போனோம். வண்டிக்காரர், "ரோடு இம்மாம் அகலம் இருக்குது, என் மேலதான் வரணுமாபா?" என்று நிதானமாகக் கேட்டார்.

களம் சாணி மெழுகி, வெயிலில் காய்ந்து, கல் மாதிரி இருந்தது. புல்லில் பழகிய உருண்டைக்கு அது வேறு உலகம். எலுமிச்சம்பழம் ஒன்றைப் போட்டு அதுதான் வெள்ளைப் பந்து என்று வைத்துக்கொண்டோம். ஏகாம்பரம் முதல் உருண்டையைக் குனிந்து விட்டான். அது எலுமிச்சையை விட்டு எதிர்ப்பக்கம் வளைந்து வைக்கோல் போருக்குள் போய்விட்டது. கனமான பக்கத்தை மாற்றிப் பிடித்துவிட்டான். எங்கள் ஆட்டத்தில் இதைவிடக் கேவலம் கிடையாது. முதல் வாரக்காரன்தான் செய்வான். கண்ணை மூடிக் கண்டுபிடித்த மனுஷன். நான் சிரிப்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அவனே களத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"முட்டியை இன்னும் மடக்கணும்" என்றேன், என்னை அறியாமல்.

"கோச்சு ஆயிட்டபா நீ" என்றான். "நல்லாத்தான் சொல்ற."

அதற்கப்புறம் என்னை வரிசையாக மூன்று ஆட்டம் ஜெயித்தான். நான் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்தால் தெரிந்துவிடும் ஆள் அவன்.

கிணற்றடியில் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தோம். நெஞ்சில் இருந்த பாறை இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் மனைவிக்குப் பட்டு பார்க்கலாமா, நாளைக்கா என்றுகூட மனம் போய்விட்டது.

"ஒண்ணு கேக்கட்டுமாபா?" என்றான் ஏகாம்பரம்.

"கேளு."

"நூலு போவட்டும். அது ஆட்டம். நான் கப்பல் ஏறச்சே நீ ஏன் வரல?"

நான் உருண்டைகளைத் துடைத்துப் பையில் போட ஆரம்பித்தேன்.

"பினாங்குல ஒவ்வொருத்தனுக்கும் யாராச்சும் வந்துருந்தாங்கோ. எனக்கு அங்க யாரு இருந்தா? நீதான். நான் மேல் தட்டுல நின்னுக்கினே இருந்தேன். ஏணி எடுக்கற வரைக்கும் வருவேன்னு பாத்தேன். உள்ள சாப்பாட்டுக்கு மணி அடிச்சாங்கோ. போவல. அத்தத்தான்பா என்னால தாங்க முடியல. அந்த ஒரு வருசம் பேசாம இருந்தது அதுக்குத்தான்."

அன்றைக்குப் போட்டி ஒன்று இருந்தது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். போட்டி எதுவும் இல்லை. வீட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு, இந்நேரம் ஏறியிருப்பான், இந்நேரம் கிளம்பியிருக்கும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெட்கம்பா" என்றேன். "உன் மூஞ்சியைப் பார்க்க முடியாதுன்னு வரலை."

இத்தனை வருஷமாக எதற்காக வருந்த வேண்டுமோ அதை விட்டுவிட்டு ஒரு நகக்கண் நூலுக்காக வருந்திக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஐம்பது வயதில், அடுத்தவன் களத்தில், ஓவென்று அழுதேன். ஏகாம்பரம் தோள் துண்டை எடுத்துக் கொடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து, "இத்த அப்பவே வந்து சொல்லியிருந்தா, ரெண்டு பேருக்கும் மிச்சம்" என்றான். கோபமாக இல்லை. தலையை ஆட்டிக்கொண்டு, ஏதோ நல்ல வேளை பாவு அறுந்து போகவில்லை என்கிற மாதிரி சொன்னான். அந்த நிமிஷம் எனக்கு உடம்பே லேசாகிவிட்டது.

திரும்பும்போது நான் மிதித்தேன். அவன் பின்னால் உட்கார்ந்து, "உன் கப்பலு என்னிக்கி?" என்று கேட்டான். வெள்ளிக்கிழமை என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சென்னைத் துறைமுகத்தில், சுங்கத்தை முடித்து மேல் தட்டுக்கு வந்து பார்க்கிறேன்: கீழே வழியனுப்புகிறவர்கள் கூட்டத்தில் ஏகாம்பரம். சலவைச் சட்டை, தலையில் துண்டு. பக்கத்தில் கன்னியம்மா. காஞ்சிபுரத்தில் கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாண்டிலேயே விடைபெற்றுக்கொண்ட மனிதர்கள். விடியற்காலை பஸ் பிடித்து வந்திருக்க வேண்டும்.

கப்பல் தாமதம். ஒரு மணி நேரம் என்றார்கள், அப்புறம் இன்னும் ஒரு மணி நேரம் என்றார்கள். வெயில் தலையைப் பிளந்தது. போய்விடு, நிழலுக்குப் போ என்று கையால் காட்டினேன். அவன் பதிலுக்குக் கையை ஆட்டினான், புரியாத மாதிரி. கூட்டம் மெல்ல மெல்லக் கலைந்தது. கன்னியம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் நகரவில்லை.

ஏணியை எடுத்தார்கள். உள்ளே சாப்பாட்டுக்கு மணி அடித்தது. தட்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள்.

நான் போகவில்லை.